தட்டைத் தூக்கிய மாவு

ஊரில் எல்லாரும் 'துழாவி' என்று கூப்பிடும் அவர், மறுபடியும் போர்வையை விலக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"போதும்ப்பா. எத்தனை தடவை பாப்பீங்க?" என்றாள் மகள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"அந்த டாக்டரு ஒழுங்காப் பாத்த மாதிரி தெரியல. வந்த கால்லயே திரும்பிட்டான்."

"அவரு பாத்துட்டுத்தான் சொன்னாரு."

"உனக்கு எவன் சொன்னாலும் போதும்."

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இருக்கை சூடாவதற்குள் எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், சாத்தினார். அலமாரியைத் திறந்து எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினார். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர் போல ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை அவருக்கு.

மில் வாசலில் காவல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து போகிறவர்களின் பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் திறந்து கைவிட்டுப் பார்ப்பார். மேனேஜர் பையையும் விட்டதில்லை. அதனால்தான் துழாவி என்று அந்தப் பேர். வேலை விட்டு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அடுப்பில் எது இருந்தாலும் மூடியைத் தூக்குவார். "உள்ள என்ன, உங்க மில்லு நூலா இருக்கு?" என்பாள் மனைவி.

சமையலறைக்குப் போனார். மேடையில் பெரிய பாத்திரம் இருந்தது. நேற்று ராத்திரி அவள் கரைத்து, தட்டைப் போட்டு மூடி வைத்த மாவு. ஊரிலிருந்து வந்திருக்கும் மகளுக்குக் காலையில் வாஃபிள் சுடவேண்டும் என்று. மாவு பொங்கி மேலே வந்து, தட்டை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டிருந்தது. ஓரத்தில் வழிந்து மேடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

தட்டை எடுத்தார். மாவின் மேல் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று எழும்பியது.

மகள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது வேற. தள்ளுங்க, கொட்டிடறேன்."

"எதுக்குக் கொட்டணும்?"

"இன்னைக்கு இதை யாரு சாப்பிடப் போறா?"

"இது பாட்டுக்குப் பொங்கிட்டு இருக்கு. அவ கரைச்சது. நான் சுடறேன்."

"உங்களுக்குத் தெரியாதுப்பா."

"தெரியுது, தெரியல. அவ இந்த வீட்டுல இருக்கும்போதே ஒண்ணாவது முழுசா எடுத்துடணும். அவளத் தூக்கிட்டுப் போற வண்டி வர்றதுக்குள்ள."

மகள் அவரை ஒருமாதிரி பார்த்தாள். அறைக்குத் திரும்பிவிட்டாள்.

வாஃபிள் மெஷினை இறக்கிப் பிளக்கை மாட்டினார். கட்டம் போட்ட இரண்டு தகடுகளிலும் தாராளமாக வெண்ணெய் தடவினார். ஒரு கரண்டி மாவை ஊற்றி மூடினார். ஓரமெல்லாம் ஆவி புகையாகக் கிளம்பியது. பச்சை லைட் எரிந்தது. "லைட்டை நம்பாதீங்க, அது பொய் சொல்லும். புகை நின்னாத்தான் வெந்துதுன்னு அர்த்தம்" என்று அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே, பிடிக்குப் போகும் அவர் கையில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள்.

இன்றைக்குத் தட்ட ஆள் இல்லை. புகை வந்துகொண்டிருக்கும்போதே திறந்துவிட்டார். மேல்பாதி மேல் தகட்டோடு போயிற்று, கீழ்ப்பாதி கீழேயே கிடந்தது. நடுவில் பச்சை மாவு நூல் நூலாக இழுத்தது.

சுரண்டி எடுத்துவிட்டு அடுத்ததை ஊற்றினார். அப்போது மனைவியின் தம்பி உள்ளே வந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க? வாசல்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க. நீங்க இங்க பலகாரம் சுட்டுட்டு இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் மாப்ள. பேசத்தானே வந்திருக்கானுங்க."

"அக்கா கிடக்குற கிடையில..."

"உங்க அக்காவோட மாவுதான்டா இது. போய் வண்டி எங்க வருதுன்னு பாரு."

தம்பி தலையில் அடித்துக்கொண்டு போனார். அந்தக் கோபத்தில் இவர் இரண்டாவதையும் திறந்துவிட்டார். அதுவும் கிழிந்தது. பாத்திரத்தில் மாவு நுரை அடங்கிப் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கிழிந்ததில் ஒரு துண்டை வாயில் போட்டார். முதலில் வருவது எப்படியும் பிய்ந்துபோகும், அதை அவர் தட்டில்தான் வைப்பாள். "நீங்க திறந்த திறப்புக்கு நீங்களே தின்னுங்க." இந்த ருசி அது இல்லை. ரப்பர் மாதிரி இருந்தது.

மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"முட்டை ஊத்துனீங்களா?" வாசல்படியில் மகள்.

"என்ன முட்டை?"

"முட்டை காலையிலதான்ப்பா சேப்பாங்க. சுடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அது இல்லாம ஒட்டிக்கத்தான் செய்யும்."

மேடையின் மூலையில் ஒரு டீ கப். அதற்குள் இரண்டு முட்டை. ராத்திரியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். வீட்டையே துழாவுகிற மனிதரின் கண்ணில் அது படவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கழுவினாள். "இருக்கற மாவுக்கு ஒண்ணு போதும்." முட்டையைக் கப்பின் விளிம்பில் தட்டி ஊற்றினாள். அம்மாவைப் போலவே பாத்திரத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முள்கரண்டியால் அடித்தாள். மாவு மஞ்சளாகி இளகியது.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"மாமா! வண்டி வந்தாச்சு!"

"நிக்கச் சொல்லு!"

"டிரைவருக்கு இன்னொரு இடத்துக்குப் போகணுமாம்!"

"காத்திருந்து கூட்டிட்டுப் போறதுதான்டா அவனுக்கு வேலை!"

மகள் ஊற்றினாள். அவர் மூடினார். புகை நாலு பக்கமும் கிளம்பியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் பெட்டியை இறக்கும் சத்தம், யாரோ செருப்பைத் தேடும் சத்தம், தம்பியின் அதட்டல். பச்சை லைட் எரிந்தது. அவர் கை தானாகப் பிடிக்குப் போயிற்று.

மகள் கையில் கரண்டி இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. அவரே கையை இழுத்துக்கொண்டார். இழுத்த கையை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

வெண்ணெயும் மாவும் முறுகும் வாசனை அறைக்குள் போனது, கூடத்துக்குப் போனது. வாசலில் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வாசனை. மறுபடி கூப்பிட வந்த தம்பி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

புகை மெலிந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நூலாக வந்தது. அதுவும் நின்றது.

திறந்தார். முழுசாக, பொன்னிறமாக, ஒரு கட்டம் குலையாமல் கிடந்தது.

தட்டில் எடுத்து மகளிடம் நீட்டினார். "உனக்குத்தான் கரைச்சா."

மகள் தட்டை வாங்கி மேடையில் வைத்தாள். அப்புறம் ஒரு முனையைப் பிய்த்து, நின்றபடியே வாயில் போட்டு மென்றாள். மெல்ல மெல்ல அவள் தோள் குலுங்கியது. கிழிந்த துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகத் தின்றார்.

கூடத்துக்கு அவர் வந்தபோது, மனைவியைப் பெட்டியில் வைத்து மூடியையும் போட்டுவிட்டிருந்தார்கள். தம்பி பதறிப்போனார். "மாமா, நீங்க பாக்காம மூடிட்டாங்க. இருங்க, திறக்கச் சொல்றேன்."

டிரைவர் மூடியில் கையை வைத்தபடி அவர் முகத்தைப் பார்த்தார். "திறக்கட்டுங்களா ஐயா?"

துழாவி பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்தக் கையை அக்குளில் வைத்துக்கொண்டார். குனிந்து, மூடியின் ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பிறகு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, நிதானமாகப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "தூக்குங்கப்பா."