ரக்ஷா கேட்ட பத்து நிமிடம்

வியாழக்கிழமை மாலையானால் விவேக் நகரில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தை இயேசு கோவிலுக்கு ஊரே திரண்டு வரும். மெழுகுவர்த்தி விற்பவர்கள் ஒரு பக்கம், ஹாரனிலிருந்து கையை எடுக்காத ஆட்டோக்காரர்கள் ஒரு பக்கம். இந்தக் கூட்டத்தில் கோவில் சுவரோரம் நின்றபடி, நாலு நிமிடத்தில் ஆறாவது தடவையாகத் தியோடர் போனைத் திறந்து பார்த்து மூடினார். புதிதாக ஒன்றும் வரவில்லை.

தியோடருக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரே கம்பெனியில் பத்தொன்பது வருடம் இருந்து, கஸ்டமர் சப்போர்ட் மேனேஜர் வரைக்கும் உயர்ந்தவர். ஏழு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பதினைந்து நிமிட வீடியோ காலில் அந்த வேலை போயிற்று. லிங்க்ட்இனில் அவருக்கு இரண்டாயிரத்து முந்நூறு தொடர்புகள். பார்க்கிறவர்களுக்குப் பெரிய மனிதர்தான். வேலை போன வாரம், "புதிய பயணத்துக்குத் தயார்" என்று கோட்டு போட்ட படத்தோடு ஒரு பதிவு போட்டார். நானூறு பேர் லைக் போட்டார்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. அப்புறம் ஒரே மெசேஜை நூற்றெண்பது பேருக்கு ஒட்டி ஒட்டி அனுப்பினார். அதில் மூன்று பேருக்கு, முந்தைய ஆளின் பெயரை மாற்றாமலே அனுப்பிவிட்டார். அந்த மூன்று பேர் மட்டும் உடனே பதில் எழுதினார்கள்.

இன்று காலையில்தான் ஒரு நல்ல இடம் கண்ணில் பட்டது. ரிங் ரோட்டில் ஒரு கம்பெனி. சப்போர்ட் பிரிவுக்குத் தலைவர் வேண்டும். விளம்பரத்தைப் படித்தால் தியோடரின் ரெஸ்யூமேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது. ஆனால் உள்ளே வேலை செய்பவர் யாராவது பரிந்துரைத்தால்தான் பார்ப்பார்கள். கடைசி நேரம் இன்று மாலை ஆறு மணி. தேடிப் பார்த்ததில் அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரக்ஷா. நாலு வருடம் அவருடைய டீமில் வேலை செய்த பெண்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த மனைவி பெட்டியிடம், எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தாள்.

"இது மெசேஜே இல்லைங்க. நோட்டீஸு."

"என்ன தப்பு இதுல?"

"எனக்கு வந்தா நானே படிக்க மாட்டேன். குழந்தை இயேசுவுக்கு நான் மனு எழுதறேன் இல்ல, அந்த மாதிரி எழுதுங்க. மொதல்ல நன்றி. அப்புறம் யாரு, என்ன வேணும், எப்போக்குள்ள வேணும். அவ்ளோதான்."

கோவிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் அப்படித்தான். நன்றிக் கடிதங்களை வாசித்து முடித்த பிறகுதான் மனுக்களுக்கு வருவார்கள். பெட்டி அந்த வரிசையை வீட்டு விஷயத்தில்கூடத் தாண்ட மாட்டாள். கேஸ் சிலிண்டர்காரனிடம்கூடப் போன தடவைக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இந்தத் தடவைக்குக் கேட்பாள்.

யோசனை நல்ல யோசனைதான். தியோடரும் உட்கார்ந்து எழுதினார். ஆனால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டார். ரக்ஷாவுக்கு எதற்காக நன்றி சொல்வது? நாலு வருடம் கூட இருந்த பெண்ணைப் பற்றி, வேகமாகப் பேசுவாள், டிபன் பாக்ஸில் புளியோதரை கொண்டுவருவாள் என்பதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் கைக்கு வந்ததை எழுதினார். உன் வளர்ச்சியைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். என் டீமில் இருந்தவர்களுக்கு என் கதவு எப்போதும் திறந்தே இருந்தது, அது உனக்கே தெரியும். இதற்குப் பிறகு கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டு, ரெஸ்யூமேயையும் சேர்த்து, நாலு முப்பத்தைந்துக்கு லிங்க்ட்இனிலேயே அனுப்பினார். அவசரத்தில் அதற்கு மேலே பழைய மெசேஜ் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பெட்டியைக் கோவிலுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றபோதுதான், எழுதியதை இன்னொரு தடவை படித்து ரசிக்கலாம் என்று தோன்றியது. விரல் கொஞ்சம் கூடுதலாக மேலே தள்ளிவிட்டது.

அங்கே பழைய மெசேஜ் ஒன்று இருந்தது. 2020, ஜூன். ரக்ஷா எழுதியது.

"சார், ஆட்குறைப்பு லிஸ்டில் என் பெயரும் இருக்கிறதாம். நேற்று சொன்னார்கள். உங்களிடம் வேலை கேட்டு எழுதவில்லை. அடுத்து எங்கே, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒரு பத்து நிமிடம் பேச முடியுமா?"

அதற்குக் கீழே, ஒன்பது நாள் கழித்து, தியோடரின் பதில். ஒரு கட்டைவிரல். தம்ஸ்அப். வேறு ஒரு எழுத்து கிடையாது.

அதற்கு அடுத்தபடியாக, இன்று நாலு முப்பத்தைந்துக்கு, என் கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

தியோடருக்குக் காது இரண்டும் சுட்டது. சுற்றி நிற்கிற ஜனமெல்லாம் அந்தத் திரையைப் பார்ப்பதுபோல இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டார், உடனே எடுத்தார். அனுப்பியதை ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிடலாம், என்ன எழுதியிருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. மணி ஐந்து எட்டு. அழித்தால் மானம் மிஞ்சும், வேலை போய்விடும். அழிக்காவிட்டால் அவள் படிப்பாள், மேலே இருப்பதையும் சேர்த்தே படிப்பாள். அவள் மறந்திருக்கலாம் என்று ஒரு நொடி ஆறுதல் சொல்லிக்கொண்டார். இப்படிப்பட்டதை யார் மறப்பார்கள், அடி வாங்கினவர்கள் மறப்பதில்லை, கொடுத்தவர்தான் மறந்துபோனார்.

வாசல்வரை நடந்தார், திரும்பினார். மறுபடி நடந்தார். "சொல்ப சைடு, சார்," என்று மெழுகுவர்த்திக்காரி கன்னடத்தில் சொல்லி அவரைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினாள். வழிமறித்த குற்றத்துக்காக ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஐந்து இருபதுக்கு விரலை அந்த 'அழி' என்ற சொல்லின் மேல் கொண்டுபோனார். அதே சமயம் மெசேஜுக்குக் கீழே ரக்ஷாவின் படம் குட்டியாக, வட்டமாக வந்து உட்கார்ந்தது. படித்துவிட்டாள். மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. காணாமல் போயின.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தியோடரால் அதைத் தாங்க முடியவில்லை. யோசிக்காமல் எழுத ஆரம்பித்தார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

"ரக்ஷா, மேலே நீ எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது என்று நான் எழுதியது பொய். உன்னோடு பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மன்னித்துவிடு. பரிந்துரை செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை."

அனுப்பினார். மெழுகுவர்த்தி உள்ளங்கையில் வளைந்து போயிருந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் நன்றிக் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ குழந்தை பிறந்திருந்தது, யாருக்கோ விசா கிடைத்திருந்தது.

ஐந்து நாற்பத்தாறுக்குப் போன் அடித்தது. புது நம்பர்.

"சார், ரக்ஷா பேசறேன். பத்து நிமிஷம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கும்மா."

"அந்த தம்ஸ்அப் வந்ததும், நீங்க கால் பண்ணுவீங்கன்னு நெனச்சேன் சார். ரெண்டு நாள் போனைச் சார்ஜர்லயே போட்டுப் பக்கத்துல வெச்சிருந்தேன். குளிக்கப் போனாக்கூட அம்மாகிட்ட சொல்லிட்டுப் போவேன்."

தியோடர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பயம்மா எனக்கு. லிஸ்ட்ல இருக்கறவங்ககூடப் பேசினா என் பேரும் அதுல வந்துடுமோன்னு."

"வந்துச்சா?"

"அப்ப வரல. இப்ப வந்துச்சு."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஃப்ராங்க்கா சொல்றேன் சார். உங்க மொத மெசேஜைப் படிச்சுட்டு நல்லா திட்டி ஒண்ணு டைப் பண்ணேன். அப்புறம் அழிச்சிட்டு மூடிட்டேன். ரெண்டாவது வராம இருந்தா திறந்திருக்கவே மாட்டேன். சரி, டைம் இல்ல. பரிந்துரை ஃபார்ம் திறந்து வெச்சிருக்கேன். 'இவர் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறீர்களா, ஒரு உதாரணம் சொல்லுங்கள்'னு ஒரு கேள்வி இருக்கு."

"நல்ல மேனேஜர்னு மட்டும் போடாதம்மா."

"போட மாட்டேன் சார்." சிரிக்கிறாளா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. "ஒரு நாள் சர்வர் டவுன் ஆச்சு, ஞாபகம் இருக்கா? புதுப் பசங்கல்லாம் கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கி அழுதாங்க. நீங்க கேபினை விட்டு வந்து, ஹெட்செட்டை மாட்டிட்டு, நாலு மணி நேரம் நீங்களே கால் எடுத்தீங்க. அதை எழுதறேன். அது உண்மை."

தியோடருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவரைப் பற்றிய ஒரு நல்ல விஷயத்தை அவரைவிடப் பத்திரமாக அவள் வைத்திருந்தாள்.

"சப்மிட் பண்ணிட்டேன். அஞ்சு அம்பத்தாறு. இன்டர்வியூக்குக் கூப்பிடுவாங்களான்னு எனக்குத் தெரியாது சார், அது என் கையில இல்ல."

"பரவால்லம்மா. ரக்ஷா, உனக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே..."

"ஒரு தம்ஸ்அப் போதும் சார்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பெட்டி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வளைந்த மெழுகுவர்த்தியையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னங்க, பண்ணிட்டாளா?"

"பண்ணிட்டா."

"அப்ப நன்றி சொல்லுங்க மொதல்ல. நின்னுட்டிருக்கீங்க."

தியோடர் போனைத் திறந்தார். பரிந்துரைத்துவிட்டேன் என்று அவள் ஒரு வரி போட்டிருந்தாள். அதற்குக் கீழே, என்ன பதில் அனுப்பலாம் என்று ஆப் வழக்கம்போலத் தானே எடுத்துக் கொடுத்திருந்தது. முதலில் இருந்தது கட்டைவிரல். ஒரு தொடுதல்தான், அந்த நாலு வருடமும் அதற்கப்புறமும் எத்தனை பேருக்குத் தொட்டிருப்பார். இன்றைக்கு அவர் விரல் அதன் மேல் போக மறுத்தது.