முப்பத்தொரு சாட்சித் துண்டுகள்

எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்க இன்னும் ஆயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று நாட்கள் இருந்தன. கார்ப் பரிசோதனை நிலையத்துக்குப் போகும் வழியில், அன்று காலை ட்ராமில் இருந்தபடி கணக்குப் பார்த்தேன். அகதி மனுப் போட்டவர்களுக்கு ஐந்து வருடத் தடை. அதில் இருநூற்றுப் பதினான்கு நாட்கள் போயிருந்தன. கோட்டுப் பைக்குள் இருந்த என் அடையாளத் தாளில் அதை முத்திரையாகவே குத்தியிருந்தார்கள்: தொழில் செய்ய அனுமதி இல்லை.

மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் முப்பத்தொரு துண்டுகள்.

அத்தான் ஆனந்தராசா, என் அக்காவின் கணவர், எண்பத்து மூன்றிலேயே வந்தவர். ஹனோவர் ஓரத்தில் கிளாவுஸ் என்ற ஜெர்மன்காரனின் கார்ப் பட்டறையில் முறையாக வேலை செய்தார். கிளாவுஸுக்கு ஒரு ஆசை இருந்தது. முப்பதுகளின் அமெரிக்கக் கார் போல, மூக்கு நீண்டு, கூரை தாழ்ந்து, சக்கரங்கள் வெளியே தெரிகிற ஒரு ஹொட் ரொட். அடியில் பழைய பீட்டில் ஒன்றின் சேசிஸும் எஞ்சினும். மேலே கண்ணாடி இழையில் புது உடல்.

அந்த உடலை வார்க்கும் அச்சை எங்கேயோ வாங்கி வந்திருந்தான். மார்கழியில் முதல் பகுதியை இருவரும் ஒட்டினார்கள். மூன்று நாளாகியும் அது காயவில்லை. தொட்டால் பலாப்பழப் பால் மாதிரிக் கையில் பிடித்தது.

அக்கா தந்த சாப்பாட்டுப் பெட்டியோடு நான் அங்கே போன நாள் அது.

"அத்தான், இஞ்ச எத்தினை டிகிரி?"

"குளிருதெண்டா கோட்டைப் பூட்டு."

"எனக்கில்லை. உந்தப் பசைக்கு, றெசினுக்குக் கேக்கிறன்."

நான் ரசாயனம் படித்தவள். பட்டம் முடித்து, யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் கண்ணாடி இழைப் படகு செய்யும் ஒரு சிறு பட்டறையில் பதினொரு மாதம் றெசின் சோதித்தேன். கடலுக்குப் போகத் தடை வந்தபோது பட்டறையும் மூடியது. அங்கே முப்பத்திரண்டு டிகிரி வெயிலில், நூறு பங்கு றெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு போதும். இங்கே பதினொரு டிகிரி. சூடேற்றியை அருகில் வைக்கச் சொல்லி, இரண்டு பங்கு கலந்தேன். அடுத்த நாள் தட்டினால் சிரட்டையில் தட்டிய சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் சுரண்டினார்கள், அரத்தாள் தேய்த்தார்கள். ஒட்டியது நான். கிளாவுஸ் என்னை டொக்டர் என்று கூப்பிட்டான். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பிஎஸ்சி படிச்சவள் காருக்குக் களி பூசுறாள். ஆரும் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"களி பூசுறாள் எண்டே சொல்லுங்கோ, அக்கா."

படகுப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கலவையிலும் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு தனியாகச் செய்து, இலக்கமும் கலந்தவரின் முதலெழுத்தும் போட்டு வைக்க வேண்டும். சாட்சித் துண்டு என்போம். படகு உடைந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பிழையாய்ப் போன கலவையின் துண்டையும் எறியக் கூடாது. இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் செய்தேன்.

வைகாசியில் கார் முடிந்தது. கிளாவுஸ் அதற்குக் கறுப்பு அடித்தான். தெருவில் ஓட அனுமதி தரும் பரிசோதனைக்கு ஒரே ஒரு முறைதான் கொண்டு போவேன், தேறாவிட்டால் உடலை வெட்டி எறிவேன், பட்டறையில் இடமில்லை என்றான். வெட்டுவான் என்று எனக்குத் தெரியும். அறுக்கும் வாளைத் தீட்டி வைத்திருந்தான்.

பரிசோதனை நிலைய வாசலில் அத்தான் என்னை நிறுத்தினார்.

"கேட்டா, தேத்தண்ணி கொண்டு வந்தனான் எண்டு சொல்லு. நீ வேலை செய்தனி எண்டு தெரிஞ்சா உன்ர அகதி மனு, அன்ட்றாக், போயிடும்."

"ஒரு சதமும் வாங்கேல்லையே, அத்தான்."

"அவங்களுக்கு அது விளங்காது. பெட்டியைத் தந்திட்டு நில்லு."

கொடுத்தேன்.

பரிசோதகர் மெல்லிய மனிதர். காருக்கு அடியில் போனார், பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கதவை விரல் மடித்துத் தட்டினார்.

"இந்த உடலுக்குச் சான்றிதழ்?"

"நாங்களே செய்தோம்," என்றான் கிளாவுஸ்.

"உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் பெட்டியைத் திறந்து நீட்டினார். பரிசோதகர் ஏழாவது துண்டைக் குறட்டில் இறுக்கி வளைத்தார். சுத்தியலால் அடித்தார். அது உடையவில்லை. இருபத்திரண்டாவதும் உடையவில்லை. அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது.

"எல்லாவற்றிலும் இருக்கிறதே, இது என்ன எழுத்து?"

"கு," என்றார் அத்தான். "உங்கள் கூட் என்ற சொல்லின் முதலெழுத்து, எங்கள் எழுத்தில். நல்லது என்று அர்த்தம். சோதித்துப் போட்டது."

கிளாவுஸ் தரையைப் பார்த்தான். பரிசோதகர் பெட்டியைக் கிளறி நாலாவது துண்டை எடுத்தார். அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இதுவும் நல்லதா?"

அத்தான் பெட்டியை மூடப் போனார்.

"செய்தவர்தான் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். யார் செய்தது?"

"நான்," என்றார் அத்தான்.

"அப்படியானால் இது ஏன் காயவில்லை?"

அத்தான் கார்ச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறவாதே என்ற பார்வை. பரிசோதகர் பேனையை மூடினார்.

நான் கடையில் பாண் கேட்கவே நாக்குத் தடுமாறுகிறவள். விறாந்தைப் பக்கம் நின்ற இடத்திலிருந்து நாலடி முன்னுக்கு வந்தேன்.

"அன்றைக்குச் சூடேற்றி நின்றுவிட்டது," என்றேன் ஜெர்மன் மொழியில். "ஆறு டிகிரி. நான் கவனிக்கவில்லை. அந்த அடுக்கு இந்தக் காரில் இல்லை. உரித்து எடுத்தேன். அதே இடத்தில் ஐந்தாவது கலவை இருக்கிறது. இடது கதவுக்குக் கீழே. தட்டிப் பாருங்கள்."

அவர் போய்த் தட்டினார். சிரட்டைச் சத்தம்.

"பிள்ளை, வாயை மூடு," என்றார் அத்தான் தமிழில். "நீ தேத்தண்ணி கொண்டு வந்தனி."

"தேத்தண்ணிக்கு உது இறுகாது, அத்தான்."

பரிசோதகர் திரும்பி வந்தார். பேனையைத் திறந்தார்.

"பிழையாய்ப் போனதை ஏன் வைத்திருந்தீர்கள்?"

"அதுவும் நான் செய்ததுதான்."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். செய்தவர் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. நான் கோட்டுப் பைக்குள் கைவிட்டு அடையாளத் தாளை எடுத்து, முத்திரை மேலே தெரியும்படி விரித்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முத்திரையை வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"இதில் அனுமதி இல்லை என்றல்லவா இருக்கிறது?"

"ஓம்."

"அப்படியென்றால், துண்டுகளில் இருக்கும் அந்த எழுத்துக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை."

"இல்லை," என்றேன். "அது என் பெயர். குணேஸ்வரி. முப்பத்தொன்றும் நான் செய்தது."