தாங்யூவின் நீலக் காலர்

வகுப்புப் பெற்றோர் குழுவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: காலர் அம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் குழுவில் எழுத ஆரம்பித்தாலே மற்ற அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏதோ தீய்ந்துவிடும். ஒருத்தியும் பதில் போடமாட்டாள்.

என் மகள் தாங்யூவுக்கு எட்டு வயது. செப்டம்பரில் புது யூனிஃபார்ம் வந்ததிலிருந்து, நீலக் காலர் உரசும் இடமெல்லாம் அரிப்பு. தூக்கத்திலேயே சொறிந்துகொள்வாள், காலையில் பார்த்தால் நகத்தில் ரத்தம். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, "துணியைக் கவனிங்க" என்றார். கவனித்தேன். வகுப்பு ஆசிரியையிடம் போனால், "மத்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். தைத்துக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்ககிட்ட லேப் சர்டிஃபிகேட் இருக்கே மேடம்" என்றார்கள். இருக்காதா பின்னே? அவர்களே துணி கொடுத்து அவர்களே வாங்கிய சர்டிஃபிகேட். ஆனால் கம்பெனி ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்பினால், பெற்றோரும் தனியாக ஒரு முறை அனுப்ப விதி உண்டு. விதிக்கு என்ன குறைச்சல், அனுப்பத்தான் ஆளில்லை.

அதற்குக் குழுத் தலைவி ஜிங்யாவ் அம்மா சம்மதிக்க வேண்டும். பள்ளி வாசலில் அவளை மடக்கினேன். வங்கிக்காரி, சிரிப்பில்கூட ஒரு சுருக்கம் விழாது.

"தாங்யூ அம்மா, உங்க பொண்ணுக்குத் தோல் கொஞ்சம் ஓவர் மென்மை. நீங்க பொத்திப் பொத்தி வளர்த்தா அப்படித்தான். எங்க ஜிங்யாவைப் பாருங்க, அதே துணிதானே?"

பார்த்தேன். அந்த வெயிலிலும் பையன் யூனிஃபார்ம் மேல்சட்டை ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"அவனுக்குப் புழுங்கலையா?"

"சளி" என்றாள் சட்டென்று. பிறகு என்ன நினைத்தாளோ, "சரி, ஒரே ஒரு தடவை அனுப்பலாம். ரிப்போர்ட் நல்லா வந்துட்டா, குழுவில காலர்ங்கிற வார்த்தையே வரக் கூடாது."

"மோசமா வந்தா?"

"நானே பிரின்சிபால்கிட்டப் பேசி அந்தக் கம்பெனியைத் தூக்கறேன். போதுமா?"

போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக் கிடங்கிலிருந்து பிரிக்காத ஒரு செட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, "லாவ் பான், இது லேபுக்குப் போறது, பத்திரம்" என்றேன். என் கணவர் தலையாட்டினார்.

லாவ் பானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாங்காய் ஆண்கள் வீட்டில் துவைப்பதும் சமைப்பதும் ஊருலகம் அறிந்ததுதான். இவர் அதிலும் ஒரு படி மேலே. வாஷிங் மெஷின் பக்கம் நான் போனால், "நகரு நகரு, நீ தொட்டா சாயம் போயிடும்" என்பார். எங்கள் வீட்டு மூங்கில் கொடியில் காயும் துணிகளைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவார்கள். எனக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம் இருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை லேப் கவுண்டரில் இருந்த பெண், "உடுத்தாதது, துவைக்காததுதானே?" என்று கேட்டாள்.

"கவரையே பிரிக்கலை."

அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேயப்பா, இஸ்திரி என்ன கச்சிதம்! நல்ல கம்பெனி போல."

"மேல்பூச்சைப் பாத்து ஏமாந்துடாதீங்கம்மா" என்றேன், விவரம் தெரிந்தவளாக.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. ஃபார்மலின், அளவுக்குள். தடைசெய்த சாயம், இல்லை. சாயம் நிற்கும் தன்மை, மிகச் சிறப்பு. ஒவ்வொரு வரியும் கம்பெனிக்கே சாதகம். கடைசிக்கு முந்திய வரிக்கு வந்தேன்: அமிலத்தன்மை வரம்பு மீறியுள்ளது. தேறவில்லை.

அலுவலக மாடிப்படியில் நின்று அழுதேன். அங்கேயே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். அதுவரை அடுப்பைப் பார்க்கப் போயிருந்த அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். கைதட்டல், பூங்கொத்து, "வீரத்தாய்!" ஜிங்யாவ் அம்மா எல்லோர் முன்னாலும் எழுதினாள்: "தாங்யூ அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நாளைக்கே கம்பெனியை மாத்தறோம்." அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயத்தாள் நூடுல்ஸ். ரிப்போர்ட்டை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன். "சாயம் நிற்கும் தன்மை, மிகச் சிறப்பு" என்றதும் லாவ் பான் முகம் மலர்ந்தது.

"பாத்தியா!"

"நீங்க ஏன் பூரிக்கறீங்க?"

"எல்லாம் படிகாரம். நீலத்துக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது."

"எந்தப் படிகாரம்?"

"பின்ன? வெளியாளுங்க கையில போற துணி. கிடங்குத் தூசியோடயா அனுப்புவாங்க? பான் குடும்பத்துத் துணியா இதுன்னு சிரிக்க மாட்டாங்களா? படிகாரத் தண்ணியில ஊறவச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டு, அட்டையைச் சொருகி, கவரைப் பழையபடி ஒட்டினேன். பிரிச்ச தடமே தெரிஞ்சிருக்காதே!"

சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன். படிகாரத் தண்ணீர் அமிலமாச்சே.

"அலசினீங்களா?"

"அலசினா படிகாரம் ஓடிடுமே. அப்படியே பிழிஞ்சு போடணும்."

"தாங்யூ துணி?"

"அதுவும்தான். வாரா வாரம்." என் கேள்வியில் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெல்ல மகள் பக்கம் திரும்பினார். தாங்யூ ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"யோவ் லாவ் பான்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. "பள்ளிக்கூடம், கம்பெனி, டாக்டர்னு ரெண்டு மாசமா ஊரெல்லாம் அலைஞ்சேனேய்யா! சொந்த வீட்டு வாளியில விஷத்தைக் கரைச்சு வச்சுட்டு!"

"எங்கம்மா அப்படித்தான் துவைப்பாங்க" என்றார். மகளின் காலரை விலக்கி, களிம்பின் மேலேயே விரலை வைத்து வைத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

தாங்யூவின் யூனிஃபார்ம் மொத்தத்தையும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு இந்த வீட்டில் நான் துணி அலசுவது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்று, "மெதுவா பிழி, காலர் நெளிஞ்சிடும்" என்றார்.

"வாயை மூடுங்க."

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தேன். பூங்கொத்துகள் இன்னும் வந்தபடி இருந்தன. போட்ட படத்தைத் திரும்ப எடுக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? நாளைக்கு அந்தக் கம்பெனி வெளியே போகும், நான் வீரத்தாயாகவே இருப்பேன். சொன்னால், இனி கூரை பற்றி எரிகிறது என்றாலும் என்னை யாரும் நம்பமாட்டார்கள். அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். கடைசியில், துணியை வீட்டில் துவைத்துவிட்டோம், படிகாரம், அமிலம் எங்களுடையதுதான், கம்பெனி மேல் தப்பில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

குழுவில் எல்லோருக்கும் மறுபடி அடுப்பில் தீய்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஜிங்யாவ் அம்மாவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. "எங்க வீட்டுக்காரரும் படிகாரம்தான் போடறார். அலசணுமா?"

நான் பதில் போடுவதற்குள் இன்னொன்று. "ஜிங்யாவுக்கும் கழுத்துல அதேதான். ரெண்டு மாசமா. குழுவில சொல்லிடாதீங்க."

ரெண்டு மாசம்! என்னைப் பைத்தியக்காரியாக நிற்கவைத்த ரெண்டு மாசம். வாயில் வந்ததையெல்லாம் அடித்தேன். அனுப்பப் போகும்போது அந்தப் பையன் ஞாபகம் வந்தது. வெயிலில், தாடை வரை ஜிப்பை இழுத்துக்கொண்டு, சொறியக்கூட முடியாமல் நின்றவன்.

எல்லாவற்றையும் அழித்தேன்.

"நல்லா அலசுங்க" என்று எழுதினேன். "நாளைக்கு அவன் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி விட்டு அனுப்புங்க."