பன்னிரண்டைத் தொடாத முள்

ஓரெஸ்ட் கோவலுக்குச் சைக்கிள் ஓட்ட மறந்துபோய்விட்டது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் முதல் வாரம். வின்னிபெக்கில் பனி உருகி, பின்சந்து முழுக்கச் சேறும், குளிர்காலமெல்லாம் நகராட்சி கொட்டி வைத்த மணலுமாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் ஆசை தாங்காமல் கராஜ் கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கினார். டயருக்குக் காற்றடித்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார், இடது காலைப் பெடலில் வைத்தார். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வலது காலைத் தூக்குவதா, கைப்பிடியைத் திருப்புவதா, மூச்சை அடக்குவதா? ஏதோ ஒன்றைச் செய்தார். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் தலை போயிற்று.

மறுநாளிலிருந்து விடிகாலையில் எழுந்து சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் காலி பார்க்கிங்கில் பழகிப் பார்த்தார். தினமும் தொப்பென்று விழுந்ததுதான் மிச்சம். அங்கே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு காட்டு வாத்துகள், அவர் விழும்போதெல்லாம் கழுத்தை நீட்டிச் சீறின. வாத்துக்குக்கூட இளக்காரமாகிவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

யாருக்கு மறந்தாலும் தொலைகிறது, ஓரெஸ்ட்டுக்கு மறக்கலாமா? பன்னிரண்டு டிகிரி சைக்கிள் சங்கத்துக்கு முப்பத்து மூன்று வருஷமாக அவர்தான் தலைவர். கோடையின் முதல் ஓட்டத்தை யார் நடத்துகிறாரோ அவர் சைக்கிளில்தான் அந்த வருஷம் முழுக்கச் சங்கத்தின் பித்தளை மணி இருக்கும். இதுவரை அது ஓரெஸ்ட்டின் கைப்பிடியை விட்டு இறங்கியதில்லை. எதிர்வீட்டு வால்ட் ஃப்ரீசன் அறுவடை இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர். அந்த மணியை அவர் பார்க்கிற பார்வை, பந்தியில் அடுத்தவன் இலை அப்பளத்தைப் பார்க்கிற பார்வை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வருஷா வருஷம் உறுப்பினர்களுக்கு ஓரெஸ்ட் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுப்பார். 'டயரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள், செயினைப் பாருங்கள். பார்க்கத் தேவையில்லாத ஒரே பொருள் நீங்கள்தான். சைக்கிளும் நீச்சலும் ஒருநாளும் மறக்காது!' சமையலறையில் உட்கார்ந்து அதைப் பதினொரு தடவை படித்தார். எப்படி ஓட்டுவது என்று ஒரு வரி இல்லை. எழுதின மடையன் யார் என்று ஒரு கணம் கோபமாகக் கேட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டத்தின் நாளைக் குறிப்பது ஓரெஸ்ட்டின் கராஜ் சுவரில் இருக்கிற வெப்பமானி. எப்போதோ மூடிப்போன ஒரு விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான முகம், சிவப்பு முள். சங்கம் தொடங்கிய வருஷம், வெயில் வந்தாச்சு என்று பாதிப்பேரும் இன்னும் வரவில்லை என்று பாதிப்பேரும் மூன்று வாரம் சண்டை போட்டுக் கிட்டத்தட்ட கைகலப்பே ஆகியிருந்தது. அப்போது போட்ட சட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் சந்தில் கூட வேண்டும். முள் பன்னிரண்டைத் தொட்டால் ஓட்டம். தொடாவிட்டால் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்றிலிருந்து வானத்தைப் பார்த்து வெயிலா குளிரா என்று சொல்லும் வழக்கம் அந்தச் சங்கத்தில் ஒழிந்தது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்கே முள் பதினாலில் நின்றது. ஓரெஸ்ட் கீழ்த்தளத்துக்கு ஓடி ஃப்ரீசரைத் திறந்தார். அவர் மனைவி ஸ்டெஃபா குளிர்காலம் பூராவும் உருளைக்கிழங்கு வைத்துப் பிடித்து, பை பையாக உறைய வைத்திருந்த பெரோகிக் கொழுக்கட்டைகள் இருந்தன. ஒரு பையை எடுத்துவந்து வெப்பமானிக்கும் சுவருக்கும் இடையில் சொருகினார். அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

ஒன்பது மணிக்குப் பதினாலு பேர் கூடிவிட்டார்கள்.

"என்னய்யா சொல்லுது?" என்றார் வால்ட்.

"ஏழு," என்றார் ஓரெஸ்ட், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"பார்த்தியா! காத்துல ஒரு குத்தல் இருக்குன்னு நான் வரும்போதே நினைச்சேன்," என்று ஜிசேல் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். சங்கத்தின் செயலாளர் அவள். பேரேட்டில் 'ஏழு, ஓட்டமில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஓரெஸ்ட்டின் புளுகு ஏழு வாரம் ஓடியது. அது அவர் கெட்டிக்காரத்தனம் இல்லை, கேட்டவர்களின் கெட்டிக்காரத்தனம். மே மாதத்து மூன்று நாள் விடுமுறையில் ஊரே தோட்டத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கடை வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. சங்கத்து ஆட்கள் மட்டும் கம்பளிக் கையுறையோடு வந்தார்கள். வால்ட் ஜனவரியில் போடுகிற தடிமனான பார்க்காக் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்தார். நெற்றியிலிருந்து வேர்வை தாடிக்குள் ஓடிற்று.

"வேர்க்குதேய்யா உனக்கு," என்றார் ஓரெஸ்ட் மனசு கேட்காமல்.

"குளிர்ஜுரம்ப்பா. ஆறு டிகிரில வெளிய நின்னா வேற என்ன வரும்?"

ஜிசேல் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். "இருபத்தி நாலு இருபத்தி நாலுன்னு காலையில இருந்து கத்துறீங்களே, வயசானவங்க உங்க பேச்சை நம்பி ஸ்வெட்டர் இல்லாம வெளிய போயிட்டா நீங்களா வந்து பார்ப்பீங்க?" எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, "எங்க முள்ளு பொய் சொல்லாது" என்று போனை வைத்தாள். ஜூன் பிறந்து கொசு வந்தது. குளிர் தாங்குகிற புது ரகக் கொசு என்று முடிவு கட்டினார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் கலைந்து போனதும் ஓரெஸ்ட்டுக்கு முதலில் அப்பாடா என்றிருக்கும். அப்புறம் நெஞ்சு சுடும். நல்ல மனுஷர்களை இப்படி முட்டாளாக்குகிறோமே என்று வேதனைப்படுவார். வேதனையோடு மறுநாள் பார்க்கிங்குக்குப் போய் விழுந்துவிட்டு வருவார். மானம் போவதைவிட முழங்கால் போவது மேல் என்று பட்டது.

ஸ்டெஃபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிக்கட்டியில் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பி நிறுத்துவாள், சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியாது. கல்யாணமான வருஷம், "எனக்கும் கத்துக்குடேன்" என்று கேட்டாள். "கொஞ்சம் சூடு வரட்டும்" என்றார் ஓரெஸ்ட். சூடு வந்ததும் அவர் நண்பர்களோடு கிளம்பிவிட்டார். "எப்ப வருவே?" என்று அவள் பின்னாலிருந்து கத்துவாள். அவர் கையை ஆட்டிவிட்டுப் போவார். அடுத்த வருஷமும் கேட்டாள். "கொஞ்சம் சூடு வரட்டும்." இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் கேட்டுவிட்டு ஒருநாள் கேட்பதை நிறுத்தினாள். அவள் நிறுத்தியது ஓரெஸ்ட்டுக்குத் தெரியவே தெரியாது. ஞாயிறுதோறும் பதினாலு பேருக்கு சாண்ட்விச் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, எல்லோரும் சந்தில் நடுங்கிக்கொண்டு நின்றபோது அவள் வெளியே வந்தாள். கையில் சாண்ட்விச் இல்லை.

"ஓரெஸ்ட், ஃப்ரீசர்ல என் பெரோகி பாதிய காணோம். எங்க போச்சு?"

"எலியா இருக்கும்," என்றார் அவர்.

"மூடியத் திறந்து, பையத் தூக்கிட்டு, திரும்பவும் மூடி வெச்சுட்டுப் போற எலியா? நல்ல வளர்ப்புதான்."

ஓரெஸ்ட் பதில் சொல்வதற்குள் அவள் பார்வை சுவருக்குப் போய்விட்டது. வெப்பமானிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, ஒரு எறும்பு வரிசை அதைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்டெஃபா பின்னால் கையை விட்டாள். பையை உருவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளைப் பார்த்திருக்கிறோம். பெரோகியை வைத்துக் கோடைகாலத்தையே மறைத்த ஆளை அன்றுதான் அந்தச் சந்து பார்த்தது.

எல்லோரும் முள்ளையே பார்த்தார்கள். முள் எட்டிலிருந்து மெல்ல எழுந்தது. பன்னிரண்டைத் தொட்டதும் பதினாலு ஜிப்புகள் இறங்கின. இருபதில் தொப்பிகள் கழன்றன. இருபத்தெட்டில் வால்ட், "ஐயோ, வேகுதே!" என்று பார்க்காவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜிசேல் அவர் முகத்துக்குப் பேரேட்டால் விசிறினாள்.

"ஏன்யா இப்படிப் பண்ணே?" என்றார் வால்ட், மூச்சு வந்ததும்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "எனக்குச் சைக்கிள் ஓட்ட மறந்துபோச்சு," என்றார் ஓரெஸ்ட்.

சந்தே விழுந்து விழுந்து சிரித்தது. அவரைத் தூக்கிச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டார்கள். விழுந்தார். இன்னும் சிரித்தார்கள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி விழுந்தார். மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அட, இதுல என்னய்யா இருக்கு? இங்க பாரு, நான் சொல்றேன்," என்று வால்ட் தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். மணி தன் பக்கம் வருகிறது என்ற உற்சாகம் குரலில் தெரிந்தது. "முதல்ல இந்தக் கால வைக்கணும். அது கீழ போறப்ப இந்தக் கால்... இல்ல, அதுக்கு முன்னாடியே உடம்பு... இரு. உடம்பு இந்தப் பக்கம் சாயுமா? சாஞ்சா விழணுமே. விழாம இருக்கிறதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" அவர் முகம் வெளுத்தது. ஏறினார். வேலியில் போய்ச் சாய்ந்தார்.

"ஆம்பளைங்களுக்கு ஒண்ணை ஒழுங்கா விளக்கத் தெரியாது. தள்ளுங்க," என்று ஜிசேல் வந்தாள். "கைய லேசா திருப்பணும், அவ்வளவுதான். விழற பக்கமா திருப்பணுமா, எதிர்ப்பக்கமா..." என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே குப்பைத் தொட்டியில் மோதினாள்.

"யாரும் யோசிக்காதீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் அலறினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார் பாவி. யோசிக்காமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் யோசிக்கத் தொடங்கினார்கள். கால் மணி நேரத்தில் பதினாலு பேரும் பதினாலு சைக்கிளும் சந்தில் மல்லாந்து கிடந்தன. முப்பத்து மூன்று வருஷத்துச் சங்கத்தில் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் மிச்சமில்லை.

ஓரெஸ்ட் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தன் மானம் போனதோடு நிற்காமல் சங்கத்தையே முழுங்கிவிட்டோமே என்றிருந்தது.

ஸ்டெஃபா இளகிப்போன பெரோகிப் பையை வால்டின் கையில் கொடுத்தாள். "முழங்கால்ல வெச்சுக்கோ, வீக்கம் வடியும்." அப்புறம் கீழே கிடந்த ஓரெஸ்ட்டின் சைக்கிளை, மணியோடு, நிமிர்த்தினாள்.

"என்ன பண்றே? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே," என்றார் ஓரெஸ்ட்.

"தெரியாது. மறக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

ஏறி உட்கார்ந்தாள். ஓரெஸ்ட் பதறிப்போய் எழுந்து, சீட்டுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் ஆடியது, ஒரு வேலியை உரசியது, திரும்பவும் ஆடியது. அவள் பேருந்து ஓட்டுகிறவளைப்போல் தூரத்தைப் பார்த்தபடி, காலடியில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் மிதித்தாள். பத்தடி போயிற்று. இருபதடி போயிற்று. ஓரெஸ்ட்டுக்கு மூச்சு வாங்கியது.

"விடு," என்றாள்.

"விழுந்துடுவே, ஸ்டெஃபா!"

"முப்பத்தி மூணு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ கிளம்பிப் போனே. ஒருநாளாவது நான் உன் சீட்டைப் பிடிச்சேனா?"

ஓரெஸ்ட்டின் கை தானாக விட்டது. சைக்கிள் ஒருமுறை தள்ளாடி, நேராகி, சந்தின் வெளிச்சமான முனையைப் பார்த்துப் போனது. பின்னால் வால்ட் முழங்காலில் பெரோகியை அழுத்திக்கொண்டே, "சட்டப்படி இதுதான் முதல் ஓட்டம். மணி அவளுக்குத்தான்," என்று முனகினார். ஜிசேல் பேரேட்டைத் திறந்து, 'இருபத்தெட்டு, நடத்தியது ஸ்டெஃபா' என்று எழுதினாள்.

ஓரெஸ்ட் சந்து நடுவில் நின்றார். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது.

"ஸ்டெஃபா!" என்று கத்தினார். "எப்ப வருவே?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணியை இரண்டு தடவை அடித்தாள்.

"கொஞ்சம் குளிரட்டும்!"

முனையில் திரும்பி மறைந்துவிட்டாள். ஓரெஸ்ட் மெதுவாகத் திரும்பிக் கராஜ் சுவரைப் பார்த்தார். முள் முப்பதைத் தொட்டிருந்தது. வின்னிபெக்கில் குளிர்வதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.