கவுண்டர்வெயிட் இளைத்த கதை

அவித்த முட்டையில் பாதியை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்று யாராவது போட்டி வைத்தால், கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு முதல் பரிசு வாங்கிவிடுவார். சின்னக் கரண்டியால் கிள்ளி வாயில் போட்டு, கூழாகும் வரை மென்று, விழுங்கி, உள்ளே அடுத்ததற்கு இடம் இருக்கிறதா என்று வயிற்றிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மறுபடி கரண்டியைத் தொடுவார். முன்பெல்லாம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் மேஜைதான் பயப்படும்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சர்க்கரை நோய் ஒரு பக்கம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மறு பக்கம். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, வயிற்றை முட்டையளவுக்குச் சுருக்கி, குடலை நேராக அதில் கொண்டுவந்து தைத்துக்கொண்டார். உடம்பு பாதியாகிவிட்டது. மனசுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் வாசற்படியைக் கண்டால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறார். தோல், அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டதுபோல் தொளதொளவென்று தொங்குகிறது. முடி கொட்டியது. வெயிலிலும் குளிர்கிறது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, மாத்திரையை ஆயுள் முழுக்க விடக் கூடாது, இனிப்பை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது.

"இன்னிக்கு விழாவுல எதையாவது நீட்டுவாங்க. வாங்கிப் பையில போட்டுக்குங்க. வாயில போட்டுக்காதீங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் அன்னிக்கு ஐஸ்கிரீம் டப்பாவக் கட்டிக்கிட்டு ஃப்ரிட்ஜ் முன்னாடி உருண்டீங்களாக்கும்?"

அந்த நாளை அவர் மறக்க முடியாது. அவருக்கு இப்போது இருக்கிற வயிற்றில் இனிப்பு தங்காது. நேராகக் குடலில் போய் விழும். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். படுத்துவிட்டால் மெல்லச் சரியாகிவிடும். வீட்டில் படுக்கத் தரை இருக்கிறது. அவர் வேலை பார்க்கிற இடத்தில் தரை ரொம்பக் கீழே இருக்கிறது.

"உண்மையச் சொல்லிட்டா என்னங்க? குடல் எறக்கம்னு லீவு போட்டீங்க. அப்புறம் நடந்தே இளைச்சேன்னீங்க. இப்ப பேனர் வரைக்கும் வந்து நிக்குது."

"சொன்னா என் வேலை போயிடும்."

"மேல போய் மயங்கி விழுந்தா வேலை மட்டுமா போகும்?"

அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. அதையும் நன்றாக மென்று விழுங்கிவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிற அந்த சைட்டில் அவருக்கு நெடுநாளாக 'கவுண்டர்வெயிட்' என்று பேர். உயரக் கிரேனின் கை முன்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் கான்கிரீட் கட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள் அல்லவா, அதற்கு அந்தப் பேர். 'எதுக்குக் கட்டை, இவர் பின்னாடி உட்கார்ந்தாலே போதாதா' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். முதல் நாள் அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் சிரிப்பை நிறுத்த வழி தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு, அதை வெள்ளந்தியாக எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். மறுநாளே அவருக்குத் 'தையல் மெஷின்' என்று பேராகிவிட்டது. வேறு வேலை தேடிக்கொண்டு போகும் வரை அவர் நடந்தால் வாயாலேயே மெஷின் ஓட்டிக் காட்டினார்கள்.

ஆகவே, "எப்படி இளைச்சீங்க?" என்று ப்ராஜெக்ட் மேனேஜர் கேட்டபோது, கிரேன்காரரின் வாய் அவரைக் கலந்தாலோசிக்காமலே பதில் சொல்லிவிட்டது. "மன உறுதிதான் சார். நடை. வெந்நீர். ராத்திரி சாப்பாடு கிடையாது."

மேனேஜருக்கு ஒலிபெருக்கியைக் கண்டால் போதும், ஊர் உலகம் மறந்துவிடும். 'மன உறுதி' என்ற வார்த்தை அவருக்குக் கற்கண்டாக இனித்தது. உடனே மன உறுதி மாதம் அறிவித்தார். பேனர் அடித்தார். அதில் இடது பக்கம் கிரேன்காரரின் பழைய உடம்பு, வலது பக்கம் புது உடம்பு, நடுவில் இரண்டையும் விடப் பெரிதாக மேனேஜர்.

இந்தப் பொய்யை வேடிக்கை பார்த்தவர்கள் பலர். முழுசாக நம்பியவர் ஒருவர்தான். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர். உடம்பைப் பார்த்து அவருக்கு வைத்த பேர் 'டேங்கர்'. மேலே இருப்பவருக்குக் கண் இவர்தான். இவர் கை காட்டாமல் சுமை அசையாது. கொஞ்ச காலமாக அவர் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

விழா நாளான அன்று காலை ஏணியடியில் கிரேன்காரரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க சொன்னபடியே ராத்திரி சோத்த விட்டுட்டேன். இப்பக் காலையிலயும் வெறும் வெந்நீர்தான். கொறையவே மாட்டேங்குதுண்ணே. தலைதான் சுத்துது."

"ரெண்டு வேளையுமா? அப்படியெல்லாம் பட்டினி கெடக்காத தம்பி."

"உங்களால முடிஞ்சுதே? நீங்க அண்ணன்னா நான் தம்பிண்ணே. விட மாட்டேன்."

கிரேன்காரருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஒலிபெருக்கி அவர் பேரை அலறியது.

மேடை என்பது நாலு மரப்பலகையும் ஒரு சிவப்புத் துணியும். மேனேஜர் இடுப்பு வாரை ஒரு துளை உள்ளே இழுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு நீள நீள வார் நெளிந்தது. "சிலர் கத்தியை நம்புகிறார்கள். அது குறுக்கு வழி! கோழைகளின் வழி! நம் நாயகனோ..." என்று அவர் நாயகனைத் தோளில் தட்டினார். பிறகு கேக் வந்தது. உடல்நல விழாவுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் பூசிய கேக் வாங்கத் தோன்றிய அந்த நிர்வாக மூளையை என்னவென்று பாராட்டுவது!

"எனக்கு வேண்டாம் சார்."

"பாருங்கள், இதுதான் மன உறுதி! ஆனால் இன்றைக்கு ஒரு நாள் விலக்கு!" என்று முழங்கி, ஒரு பெரிய துண்டை நாயகனின் வாயில் திணித்தார். கூட்டம் கை தட்டியது. துப்பினால் ஏன் என்பார்கள்; ஏன் என்றால் சொல்ல வேண்டும். விழுங்கினார். படம் சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் சொல்ல, இரண்டாவது துண்டும் உள்ளே போனது. அதைத் தள்ளிவிட ஒரு குளிர்பானமும்.

விழாவின் உச்சமாக மேனேஜர் ஒரு காட்சி வைத்திருந்தார். நாயகன் எல்லோர் கண்ணெதிரிலும் ஏணியில் சரசரவென ஏறி, ரிப்பன் கட்டிய கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி மேடைக்கு எதிரே இறக்க வேண்டும். மேலிருந்து அவர் பேசுவது கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று தன் வாக்கி-டாக்கியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

கிரேன்காரர் ஏறினார். ஒரு காலத்தில் பாதியில் நின்று நின்று மூச்சு வாங்கிய ஏணி. இப்போது உடம்பு பஞ்சாக மேலே போயிற்று. எந்தப் பொய்யும் கலக்காத சந்தோஷம் அவருக்கு அந்த ஏணியில்தான் கிடைத்தது. கேபின் இருக்கையில் முன்பு பிதுங்கி உட்கார்ந்த இடத்தில் இப்போது மெத்தை வைத்து அடைத்திருந்தார். உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். கட்டு தரையை விட்டு எழும்பியது.

பாதி தூரம் வந்தபோது பின்கழுத்தில் வியர்வை ஊறியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு, கதவைத் தட்டுகிற கடன்காரனைப்போல் இடித்தது. கண்ணாடிக்கு வெளியே ஆகாயம் விளிம்பிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

அது பழைய கிரேன். கையை எடுத்தால் சுமை நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் கைப்பிடி மேலேயே மயங்கிச் சாய்ந்தால், சாய்ந்தவனின் பாரமே அதைத் தள்ளும். சுமை கீழே இறங்கும். வேலை பழக வருகிறவர்களுக்கு அவரே முதல் பாடமாகச் சொல்லித்தருவது இதைத்தான். 'இன்னும் கொஞ்சந்தான். இறக்கி வெச்சுட்டுக் கீழ படுத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது' என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. இத்தனை மாதமும் அவரை வழிநடத்திய அதே குரல்.

"எறக்குண்ணே... மெல்ல..." சிக்னல்காரரின் பேச்சு கருவியில் குழறியது. "மெல்..."

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கிரேன்காரர் காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். ஓரமாக நிற்க வேண்டிய மஞ்சள் ஹெல்மெட் தள்ளாடித் தள்ளாடி நடுவுக்கு வந்து, அங்கேயே மடங்கி உட்கார்ந்தது. சுமைக்கு நேர் கீழே.

"தம்பி! எந்திரிடா! ஏய்!"

ஹெல்மெட் அசையவில்லை. கைப்பிடி பாதி அழுந்தியபடி இருந்தது. கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சூட்டுக் கோலைத் தொட்டவர்போல் அவர் கையை உதறி எடுத்தார். சுமை ஒரு குலுங்கலோடு நின்று, காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது. முன்னால் விழுந்துவிடாமல் இருக்க முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று மேனேஜரின் குரல் மேடைத்தமிழிலேயே வந்தது. "போட்டோக்காரர் காத்திருக்கிறார். மன உறுதி! மன உறுதி!"

"சார், மன உறுதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" கிரேன்காரரின் குரல் ஒலிபெருக்கியில் புகுந்து சைட் முழுக்க இடித்தது. "எனக்கு வயித்துல ஆபரேஷன். வெட்டித் தெச்சிருக்கு. நடந்தும் இளைக்கல, வெந்நீர்லயும் இளைக்கல. இனிப்பு தின்னா மயக்கம் வரும். இப்ப வருது. நான் கைய எடுத்துட்டேன், இனிமே தொட மாட்டேன். லோடுக்கு அடியில தம்பி விழுந்து கெடக்கான் பாருங்க! போட்டோவ விட்டுட்டு அவனத் தூக்குங்கய்யா!"

கூட்டம் அப்போதுதான் மேடையை விட்டுத் தரையைப் பார்த்தது. நாலு பேர் ஓடிச் சிக்னல்காரரை அக்குளில் பிடித்து இழுத்தார்கள். மாற்று ஆபரேட்டர் ஏணிக்குப் பாய்ந்தார். கிரேன்காரர் கேபின் தரையில் சுருண்டு படுத்தார்.

முதலுதவி அறையில் நர்ஸ் சிக்னல்காரருக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். ஒருவரைச் சாய்த்த அதே சர்க்கரை, இன்னொருவரை எழுப்பி உட்கார வைத்தது. பக்கத்துக் கட்டிலில், வெளுத்த முகத்தோடு கிரேன்காரர்.

"பொய்யாண்ணே?" என்றார் சிக்னல்காரர். "எல்லாமே பொய்யா?"

"ஆமா தம்பி" என்றார் கிரேன்காரர்.

"சாப்பிடுங்கன்னு என் பொண்டாட்டி கால்ல விழாத கொறையா அழுதா. அண்ணனுக்கு முடியுது, எனக்கு ஏன் முடியல, நான் ஒரு மனுஷனான்னு செவுத்துல முட்டிக்கிட்டேன்ணே."

"என்னைய நாலு அறை அறைஞ்சிரு தம்பி. வாங்கிக்கிறேன்."

"அறையத் தெம்பில்ல. இந்த பிஸ்கட் முடியட்டும்."

மேனேஜர் உள்ளே வந்தார். மேடைத்தமிழை வாசலிலேயே கழற்றி வைத்திருந்தார். "மேல ஏறுற ஆளு இப்படி ஒரு விஷயத்த மறைக்கலாமாய்யா? சொல்லியிருந்தா நாங்க என்ன கேலியா பண்ணியிருப்போம்?"

சிக்னல்காரர் வாய் நிறைய பிஸ்கட்டோடு நிமிர்ந்தார். "கணக்குப் பிரிவுக்காரருக்குத் தையல் மெஷின்னு பேர் வெச்சதே நீங்கதானே சார்?"

மேனேஜரின் இடுப்பு வார் அந்த நேரம் பார்த்துத் துளையை விட்டு நழுவியது. அவர் அதை மாட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

கிரேன்காரரின் வேலை போகவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும் வரை மேலே ஏறத் தடை, அவ்வளவுதான். வழக்கமான காலைக் கூட்டத்தில், பேச அனுமதியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு அவர் எல்லோர் முன்னாலும் நின்றார். பேனர் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் சிக்னல்காரர். அவரை அதே டாக்டரம்மாவிடம் இவரே கூட்டிக்கொண்டு போயிருந்தார். பட்டினிக்கு முற்றுப்புள்ளி விழுந்திருந்தது. அவர் உடம்புக்கு வேறு வைத்தியம்.

"கவுண்டர்வெயிட்டு பேசப்போவுது, கேளுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆபரேட்டர்னு கூப்பிடு" என்றார் சிக்னல்காரர். திரும்பக்கூட இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

கிரேன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உடம்பு பெருத்தது குத்தம் இல்ல. அதுக்கு வைத்தியம் பாத்தது வெக்கமும் இல்ல, குறுக்கு வழியும் இல்ல. நெனச்சத நெனச்ச நேரத்துல திங்க முடியாம நான் படற பாடு என் வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆனா உங்க கேலிக்குப் பயந்து நான் பொய் சொன்னேன். என் பொய்ய நம்பி இவன் பட்டினி கெடந்தான். அந்தக் கம்பிக் கட்ட இவன் தலைக்கு மேல தொங்கவிட்டது நான் மட்டும் இல்ல, நாம எல்லாருந்தான். இனிமே ஒருத்தன் உடம்பப் பாத்துச் சிரிக்கத் தோணுச்சுன்னா, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மேல பாத்துக்குங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலிக் கொக்கி காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மேனேஜர் அன்றைக்கு அதைத் தொடவில்லை.