முகம் எந்தப் பக்கம்

புதைத்துச் சில வருஷம் கழித்து லாம்ப்ரோஸ் ஐயாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்த அன்று, ஏதென்ஸ்காரர்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கிரேக்கத்துக்கு வடக்கே, வலாக்கியா நாட்டின் இந்தக் கோதுமை வயல்களில் சம்பாதித்ததையெல்லாம், பழைய காலத்து விளையாட்டுகள் மறுபடி நடக்கட்டும் என்று கிரேக்க நாட்டுக்கு வாரிக் கொடுத்த மனுஷன் அவர். உடம்பு முடியாமல் படுத்துவிட்டதால் ஒரு பந்தயத்தைக்கூடப் பார்க்கவில்லை. உடல் இங்கே தன் பண்ணையிலும், தலை ஏதென்ஸில் தன் செலவில் எழும்பும் மண்டபத்துச் சுவரிலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலையை வாங்கிப்போக வந்தவர் வெலிஸ் என்ற கனவான். கையுறையைக் கழற்றவே மாட்டார். பண்ணை வண்டிக்காரன் நான்தான் அவரைக் கூட்டி வந்தேன். மண்டபத்தில் வைக்கப்போகும் கலப்பை, பட்டு, பாலாடைக்கட்டிக் கண்காட்சியைப் பற்றியே வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தார்.

ஐயாவின் வீட்டைப் பார்த்துக்கொண்ட ஸம்பீரா எங்கள் வழக்கப்படி எலும்புகளை ஒயினில் கழுவி முடித்து, தலையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"பெட்டியில வைம்மா. வண்டி மேல மூட்டையோட கட்டிடலாம்" என்றார் வெலிஸ்.

"அது இருக்கட்டும். சுவத்துல ஐயா முகம் எந்தப் பக்கம் பாக்கும்?"

"உள்பக்கம்தான். கண்காட்சி பக்கம்."

"பசங்க ஓடுறது தெரியுமா?"

"ஓட்டம் வேற இடம்மா."

"அப்போ காலம்பூரா கலப்பையப் பாத்துக்கிட்டு கிடக்கணுமா? அது இங்கயே இருக்கே. தலையத் தரமாட்டேன், போங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நீயாவது சொல்லேன்ப்பா" என்று வெலிஸ் என்னைப் பார்த்தார்.

"அவ சொன்னா சொன்னதுதான் சாமி. குதிரைய அவுத்துடட்டுமா?"

"கையுறையக் கழட்டுங்க. தலையில கை வச்சுச் சொல்லுங்க, ஓடுறத ஐயா பாப்பாருன்னு" என்றாள் ஸம்பீரா.

வேறு வழியில்லாமல் கழற்றினார். நெற்றியில் வைத்த விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இதென்ன பள்ளம்?"

"துருக்கிக்காரன் குண்டு. உங்க நாட்டு விடுதலைச் சண்டையில வாங்கினது. குளிர் வந்தா வலியில துடிப்பாரு. 'பசங்க ஓடுறத ஒருதடவ பாத்துட்டா போதும் ஸம்பீரா'ம்பாரு."

வெலிஸ் கையை எடுக்கவில்லை. எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"சுவர் விஷயம் என் கையில இல்லம்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா வசந்தத்துல பந்தயம் இருக்கு. சுவத்துல வைக்கிறதுக்கு முன்னாடி ஐயாவ அங்க கூட்டிட்டுப் போறேன். முன்வரிசையில, என் மடியில."

ஸம்பீரா தலைக்கு ஒரு முத்தம் கொடுத்து, அவர் கையில் வைத்தாள்.

"ஓட ஆரம்பிச்சதும் துணிய விலக்கிடுங்க சாமி. மறந்துடாதீங்க."