பதினாலாம் நம்பர் துளை

செம்பு விலை ஏறிவிட்டதென்று முகத்தைத் தொங்கப்போட்ட முதலீட்டாளரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கதை அப்படி ஒருவரைப் பற்றியது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுசு முழுக்க மோட்டாருக்குள் கையை விட்டுச் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டியவர். குடியிருப்பில் யாராவது தெரியாத்தனமாக அவரோடு லிஃப்டில் ஏறிவிட்டால் போச்சு. ஐந்தாவது மாடி வருவதற்குள் செம்பு எங்கே கிடைக்கிறது, எவன் வாங்குகிறான், ஏன் விலை ஏறும் என்று ஒரு பாட்டம் கேட்டாக வேண்டும். காது புளித்துப்போனவர்கள் அவருக்குச் செம்பு ஐயா என்று பேர் வைத்தார்கள். அப்புறம் அவர் தலை தெரிந்தாலே படிக்கட்டுப் பக்கம் நழுவினார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அவரிடம் ஒரு சின்னச் சுரங்கக் கம்பெனியின் பங்குகள் இருந்தன. சுரங்கம் என்பது பேருக்குத்தான். ஒரு மலையைக் குத்தகைக்கு எடுத்து, அங்கங்கே ஆழமாகத் துளை போட்டு, உள்ளிருந்து வரும் கல்லில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. பார்த்தார்கள், பார்த்தார்கள், வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூடை கல்லாவது விற்றார்களா என்றால் இல்லை.

பங்கு வாங்கலாம் என்று சொன்னது அவர் மனைவி. தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். "உலகத்துல கம்பி இழுக்காம இருக்கப் போறாங்களா? செம்பு வேணும்ல?" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆராய்ச்சி. கம்பெனி படுத்துப்போய், பங்கு சல்லிக்காசு பெறாமல் கிடந்த வருஷத்தில், யாரும் சீந்தாத புதுப் பங்குகளைத் தன் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டு அவர் பேரில் மொத்தமாக வாங்கினாள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் அறிக்கைக்கு இரண்டு பேரும் காத்திருப்பார்கள். வந்ததும் சாப்பாட்டு மேசையில் விரித்து, எந்தத் துளையில் எத்தனை மீட்டரில் என்ன கிடைத்தது என்று படிப்பார்கள். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுகிற மாதிரி இவர்கள் துளைகளைப் பேசினார்கள். ஒன்பது உருப்படாத கேஸ். பதினொன்று பரவாயில்லை, தேறிவிடும்.

பதினாலாம் நம்பர் துளையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கையில் காசு இல்லையாம். அதைப் படித்த அன்று அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாங்க. சட்டுனு விட்டுட்டாங்க," என்றாள். "ஆமா, நீ போய் கடப்பாரையைப் பிடி," என்று அவர் கிண்டலடித்தார். அடுத்த அறிக்கை வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் மனிதருக்கு மிச்சமிருந்தது இரண்டே இரண்டு. ஒன்று, அறிக்கை வந்த மறுநாள் கம்பெனிக்குப் போன் பண்ணுவது. பங்குதாரர்களோடு பேசுவதற்கென்று அங்கே ஒரு அம்மா இருந்தார். "என்னங்கய்யா, அறிக்கை வந்துச்சா? முட்டி வலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் தேச்சீங்களா?" என்று கேட்பார். தூர தேசத்தில் இருக்கும் மகளும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள்தான். ஆனால் அவளுக்கு அங்கே குழந்தை அழும், அடுப்பில் ஏதாவது பொங்கும். அவருக்கு முட்டி வலி என்பதையே அவரிடம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஞாபகம் வைத்துக் கேட்டது அந்த போன் அம்மா ஒருவர்தான்.

இரண்டாவது, வருஷாந்திரக் கூட்டம். சுமாரான ஓட்டல் ஹால், ஆறிய டீ, நமுத்துப்போன பிஸ்கட். ஏழெட்டுக் கிழங்கள் வருவார்கள். செம்பு ஐயா கோட்டு மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்காருவார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, "பதினாலாம் நம்பர் துளையை எப்பங்க மறுபடி தோண்டப் போறீங்க?" என்பார். தலைவர், "பரிசீலனையில இருக்கு ஐயா," என்பார். ஹாலில் எல்லாரும் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் முதுகில் தட்டி, "விடாதீங்க ஐயா, பிடிச்சுக் கேளுங்க," என்பார். அந்த ஒரு தட்டு அவருக்கு வருஷம் முழுக்க வரும்.

இப்படியிருக்க, செம்பு விலை கிடுகிடுவென்று ஏறியது. ஒரு பெரிய கம்பெனி வந்து, இந்தச் சின்னக் கம்பெனியை அப்படியே முழுங்கிக்கொள்வதாகச் சொன்னது. பங்குக்கு இரண்டு மடங்கு விலை. மகள் போனில் கத்தினாள். "அப்பா! சூப்பர்ப்பா! உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க!"

"அப்ப கூட்டம்?" என்றார்.

"என்ன கூட்டம்?"

"வருஷா வருஷம் நடக்குமே."

"கம்பெனியே இருக்காதுப்பா, அப்புறம் என்ன கூட்டம்," என்று சிரித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போய்விட்டாள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. சம்மதப் பத்திரத்தை டிவி மேல் வைத்தார். அதன்மேல் ரிமோட்டை வைத்தார். அறிக்கை வராது, போன் இருக்காது, ஹாலில் முதுகில் தட்ட ஆள் இருக்காது. இரண்டு மடங்கு பணத்தை வைத்துக்கொண்டு அவர் யாரோடு என்ன பேசுவது? சொல்லுங்கள் பார்ப்போம்.

சட்டம் என்னவென்றால், பத்தில் ஒன்பது பங்கு கைக்கு வந்தால்தான் பெரிய கம்பெனி மிச்சத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். மற்றவர்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று. ஒரு பங்குதாரர் செத்துப்போய் வாரிசுகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஆகமொத்தம், ஒன்பதைத் தொட இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்சம் செம்பு ஐயாவின் டிவி மேல் இருந்தது.

ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அந்த மணி கடைசியாக எப்போது அடித்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. வாசலில் விறைப்பான கோட்டில் ஒருவர். பெரிய கம்பெனியில் இந்த வியாபாரத்தைப் பேசி முடிக்க வந்தவர். கூடவே நிலவியல் படித்த ஒரு பெண், மகள் வயதிருக்கும், தோளில் பை. செம்பு ஐயா மனதுக்குள் அவளுக்குக் கல்லுப் பொண்ணு என்று பேர் வைத்தார்.

"உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க சார்," என்று ஆரம்பித்தார் கோட்டுக்காரர்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. முதல்ல உட்காருங்க. டீ போடறேன்."

கப் எடுக்கப் போனவர் தடுமாறிப்போனார். புழக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கப். மற்றதெல்லாம் மேல் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. கழுவி, துடைத்து, டீ ஊற்றிக் கொண்டுவருவதற்குள் வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பதினாலாம் நம்பர் துளை இருக்குல்ல..."

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டுக்காரர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். கல்லுப் பொண்ணு பையைத் திறந்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனியின் பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் அவர்கள் ஒன்று விடாமல் படித்திருந்தார்கள். வருஷம் தவறாமல் ஒரே ஆள், ஒரே துளையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பங்கு சல்லிக்காசு பெறாத நேரத்தில் அள்ளி வாங்கியிருக்கிறார். இப்போது இரண்டு மடங்கு கொடுத்தாலும் அசையவில்லை. ஆள் எமகாதகன், உள்ளே ஏதோ இருப்பது தெரிந்துதான் பிடி கொடுக்காமல் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். படித்தவர்கள் முட்டாள்தனம் பண்ணினால் அதற்கும் படம் போட்டு விளக்கம் வைத்திருப்பார்கள். கல்லுப் பொண்ணு மலையின் வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

அந்த மேசையில் அப்படி ஒரு காகிதம் விரிந்து எத்தனையோ நாளாயிற்று. செம்பு ஐயா கப்புகளை ஓரமாக நகர்த்தினார். எதிர் நாற்காலியில் ஒரு பெண், நடுவில் துளைகளின் நம்பர்கள். ஒன்பது உருப்படாது என்றார். அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். பதினொன்று தேறும் என்றார். அதையும் குறித்துக்கொண்டாள். பதினாலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சிரித்து மழுப்பினார். சொல்வதற்கு என்ன இருக்கிறது? சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவார்களே.

அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரே மாதிரி மூன்று கப் வாங்கி வைத்தார். அவர்கள் வருகிற நாளில் காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டு ஜன்னலில் நின்றார். இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாம் வாரம் கோட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "ஒருத்தருக்கு மட்டும் விலையைக் கூட்ட முடியாது சார். கூட்டினா எல்லாருக்கும் கூட்டணும். சரி, கூட்டறோம்." கூட்டியும் விட்டார்கள். கூட்டத்துக்கு வரும் கிழங்கள் எல்லாம் வரிசையாகப் போன் பண்ணினார்கள். "அடேயப்பா, பலே ஆளுங்க நீங்க! கமுக்கமா இருந்து காரியத்தைச் சாதிச்சுட்டீங்களே!" என்றார் ஒருவர். செம்பு ஐயா, "வாங்களேன் ஒரு நாள், டீ சாப்பிடலாம்," என்றார். "வர்றேன், வர்றேன், முதல்ல கையெழுத்தைப் போடுங்க," என்றார் அவர். யாரும் வரவில்லை. இவரும் கையெழுத்துப் போடவில்லை.

அப்போதுதான் போன் அம்மா கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரல் அமுங்கியிருந்தது.

"ஐயா, நான் இதைப் பேசவே கூடாது. தெரிஞ்சா திட்டுவாங்க. ஆனா கேட்காம இருக்க முடியல."

"சொல்லும்மா."

"கம்பெனி கஷ்டத்துல இருந்தப்ப எங்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலா பங்குதாங்கய்யா குடுத்தாங்க. இந்த வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. அதுக்குள்ள பத்துல ஒன்பது பங்கு சேரலைன்னா பெரிய கம்பெனிக்காரங்க விலகிடுவாங்க. அப்புறம் அந்தப் பங்கு வெறும் காகிதம். எங்க அக்கா தனியா இருக்கா, ஒரு பக்கம் கை கால் வரல. வேலையை விட்டுட்டு அவகூடப் போய் இருக்கலாம்னு நினைச்சிருந்தேன்."

செம்பு ஐயா போனை மறு காதுக்கு மாற்றினார். இவ்வளவு வருஷம் தன் முட்டி வலியைச் சொன்னவர், அந்த அம்மாவுக்கு ஒரு அக்கா உண்டா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? இல்லை.

"அப்ப இனிமே நான் போன் பண்ணா யாரும்மா எடுப்பாங்க?"

"அந்த நம்பரே இருக்காதுங்கய்யா."

அந்த அம்மாவின் சொந்த நம்பரைக் கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் இதற்குக் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டார். "அக்காவை நல்லாப் பாத்துக்கம்மா," என்றார். "தைலம் தேய்ங்க ஐயா," என்று அந்த அம்மா போனை வைத்தார்.

கோட்டுக்காரரும் கல்லுப் பொண்ணும் வியாழக்கிழமை வந்தார்கள். டிவி மேல் இருந்த பத்திரத்தை அவரே எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"போடறேன். விலை ஒரு பைசா கூட்ட வேண்டாம். பதினாலை மட்டும் இன்னும் கீழ தோண்டணும். என்ன வந்துச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

கோட்டுக்காரர் கல்லுப் பொண்ணைப் பார்த்து, நான் அப்பவே சொன்னேன்ல என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார். "நீங்க சொல்லணுமா சார்? முதல் வேலையே அதுதான்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கையெழுத்து ஆன பிறகு டீ வேண்டாம் என்றார்கள். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதாம். செம்பு ஐயா மூன்று கப்பையும் துடைத்து மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார்.

பணம் வந்தது. அறிக்கை வருகிற மாதம் வந்தது, அறிக்கை வரவில்லை. தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் கம்பெனி நம்பரைச் சுற்றினார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவு செய்த குரல் சொன்னது. அது முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். குடியிருப்பில் புது லிஃப்ட் போட்டிருந்தார்கள். அதில் ஏறும்போது யாரிடமும் செம்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அதைக்கூட யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பல மாதம் கழித்து ஒரு காலையில் போன் அடித்தது. கல்லுப் பொண்ணு.

"சார், தோண்டியாச்சு. பழைய ஆழத்தைத் தாண்டி இருநூறு மீட்டர் போனோம். ஒண்ணுமே இல்ல சார். வெறும் கல்லு."

"அப்படியாம்மா," என்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன் சார். உங்களைக் குத்தம் சொல்லணும்னு கேட்கல. ஆனா ஆபீஸ்ல எல்லாருக்கும் மண்டை காயுது. பதினாலைப் பத்தி உங்களுக்கு என்னதான் சார் தெரியும்?"

இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது? பொய் சொன்னாலும் இந்தப் பெண் டீ குடிக்க வரப்போவதில்லை.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன் நான். எங்க வீட்டம்மாதான் அந்த அறிக்கையைப் படிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம்னு சொன்னா. அடுத்த அறிக்கைக்கு அவ இல்ல. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவள் மெதுவாக, தொழில்காரிக்கே உரிய அக்கறையோடு கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்னா எவ்வளவு சார்? எத்தனை மீட்டர்னு ஏதாவது சொன்னாங்களா?"

செம்பு ஐயா மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"கேட்கலம்மா. நீ போய் கடப்பாரையைப் பிடின்னு சிரிச்சுட்டு, அறிக்கையை மடிச்சு வெச்சுட்டேன்."